பட்டியலை மூடும் தேதி: டெல்டா மாதிரி சட்டமன்றத்தில் ஒரு வாக்குரிமைத் தகராறு

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை பக்கத்து இளைஞர்கள் சிலர் டிஸ்கார்ட் என்ற இணைய அரட்டைச் செயலியில் ஒரு மாதிரி சட்டமன்றம் நடத்துகிறார்கள். கட்சி உண்டு, தேர்தல் உண்டு, முதலமைச்சர் உண்டு, பட்ஜெட்கூட உண்டு. கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பத வரம்பு 17 சதவீதம் என்பதைத் தளர்த்த வேண்டும் என்ற தீர்மானம் முதல் முறைப்பாசன அட்டவணை வரை எல்லாவற்றுக்கும் வாக்கெடுப்பு நடக்கும். இவர்கள் சொல்லி நிஜத்தில் ஒரு மதகும் திறக்கப்போவதில்லை. ஆனால் யாருக்கு ஓட்டு உண்டு என்ற கேள்வி வந்தபோது நடந்த சண்டையில் இரண்டு பேர் குழுவை விட்டே போய்விட்டார்கள். அண்ணன் தம்பி என்று பழகியவர்கள் அடுத்த தேர்தல் வரை நேரடியாகப் பேசிக்கொள்ளவில்லை.

நான் எந்தக் கட்சியிலும் இல்லை. தகராறு ஓய்ந்த பிறகு புது விதிகளை எழுதித் தரச் சொல்லி அழைத்தார்கள். அதற்காகப் பழைய உரையாடல் முழுவதையும் படித்தேன், இரு தரப்பையும் கேட்டேன். பெயர் போட வேண்டாம் என்று சொன்னதால் ஊரை வைத்தே குறிப்பிடுகிறேன்.

தொகுதிகளுக்கு ஆற்றுப் பெயர் வைத்திருக்கிறார்கள்: கொள்ளிடம், அரசலாறு, வெண்ணாறு, கோரையாறு. ஐந்தாவது அக்கரை. சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கும் நம் ஊர்க்காரர்களுக்கான தொகுதி அது. இந்த யோசனை காரைக்கால்காரர் ஒருவருடையது. பிரான்சின் நாடாளுமன்றக் கீழவையில் வெளிநாட்டில் வாழும் பிரெஞ்சுக் குடிமக்களுக்கென்றே 11 தொகுதிகள் இருக்கின்றன. 2012இல் அவற்றுக்கு முதல் தேர்தல் நடந்தது. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருப்பவர்கள் அதில் பதினோராவது தொகுதியில் ஓட்டுப் போடுகிறார்கள். தன் தெருவில் பிரெஞ்சுத் தேர்தலைப் பார்த்தே வளர்ந்தவருக்கு அக்கரைத் தொகுதி என்பது வினோதமாகத் தோன்றவில்லை. மற்றவர்களுக்கும் பிடித்துப்போனது.

வாக்குரிமை விதி ஆரம்பத்தில் ஒரே வரிதான்: சேர்ந்தவர் எல்லாரும் ஓட்டுப் போடலாம். எல்லாருக்கும் எல்லாரையும் தெரிந்த காலத்தில் அது போதுமாக இருந்தது.

ஹாஸ்டல் ஓட்டு

ஒரு தேர்தலுக்கு முந்தைய இரவு வெண்ணாறு தொகுதியில் புதிய கணக்குகள் கொத்தாக வந்து சேர்ந்தன. எல்லாம் ஒரே கல்லூரி விடுதியைச் சேர்ந்த பையன்கள். டிஸ்கார்ட் கணக்கின் அடையாள எண்ணுக்குள்ளேயே அது உருவாக்கப்பட்ட நேரம் பதிந்திருக்கும். அதைப் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலானவை அன்று ராத்திரிதான் தொடங்கப்பட்டிருந்தன. மறுநாள் தங்கள் அறைத் தோழருக்கு ஓட்டுப் போட்டார்கள். அவர் சொற்ப வித்தியாசத்தில் ஜெயித்தார். அதற்குப் பிறகு அந்தக் கணக்குகளில் பாதி வாயே திறக்கவில்லை.

தோற்றவர் கும்பகோணத்துக்காரர். மாதக்கணக்கில் உட்கார்ந்து மாதிரி பட்ஜெட்டை வரி வரியாக எழுதியவர். அவருடைய ஆத்திரம் நியாயமானது என்றுதான் நினைக்கிறேன். "நான் ராத்திரி பகலா எழுதினதை, ஒரு தடவைகூடப் படிக்காதவன் வந்து தள்ளிட்டுப் போறான்" என்று அவர் போட்ட பதிவுக்கு எதிர்க்கட்சியில் இருந்தவர்களே ஆதரவு தெரிவித்தார்கள்.

ஆனால் வெண்ணாற்றை இழந்தாலும் மற்றத் தொகுதிகளின் பலத்தில் அவருடைய கட்சியே ஆட்சியில் தொடர்ந்தது. அடுத்த தேர்தல் தேதி தை மாதக் கடைசி என்று அறிவித்தார்கள். அறிவித்துச் சில நாள் கழித்து ஒரு மசோதா வந்தது. அதில் மூன்று நிபந்தனைகள். முந்தைய 30 நாளில் 20 பதிவாவது போட்டவருக்கே ஓட்டு. குழுவில் சேர்ந்து 30 நாள் ஆகியிருக்க வேண்டும். ஒரு கருவிக்கு ஒரு ஓட்டு. இந்தத் தேர்தலிலேயே அமல்.

இருபது பதிவு

மூன்றில் இரண்டாவதற்குப் பெரிய எதிர்ப்பு இல்லை. மூன்றாவதற்கு வருகிறேன். சண்டை முழுக்க முதல் நிபந்தனையின் மேல்தான்.

தை என்றால் சம்பா அறுவடை. திருத்துறைப்பூண்டித் தம்பி ஒருவர் அந்த 30 நாளில் அறுவடை இயந்திரத்துக்கு அலைந்தார், பிறகு கொள்முதல் நிலைய வாசலில் நெல்லைக் குவித்துவிட்டுத் தார்ப்பாயோடு காவல் இருந்தார். ஈரப்பத வரம்பைப் பற்றி அந்த மன்றத்தில் அனுபவத்தில் பேசக்கூடியவர் அவர் ஒருவர்தான். பதிவுக் கணக்கோ ஒற்றை இலக்கம். அவர் எழுதியது சுருக்கமாக இருந்தது: "அண்ணே, நெல்லு காயற வரைக்கும் எனக்கு ஓட்டு இல்லையா?"

வேதாரண்யத்துக்காரர் கஜாவை இழுத்தார். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கரை கடந்த புயலுக்குப் பிறகு அவர் பகுதியில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்போது இந்த விதி இருந்திருந்தால் கோரையாறு தொகுதியில் வாக்காளரே மிஞ்சியிருக்க மாட்டார்கள் என்றார். கூடவே ஒரு நிஜச் சம்பவத்தையும் நினைவூட்டினார். திருவாரூர் இடைத்தேர்தலை 2019 ஜனவரி 28 என்று அறிவித்திருந்த தேர்தல் ஆணையம், புயல் நிவாரணப் பணி முடியவில்லை என்ற நிலையில் அதை ரத்து செய்தது. பிறகு ஏப்ரல் 18இல் மக்களவைத் தேர்தலோடு சேர்த்து நடத்தியது. தேர்தலைத் தள்ளிவைத்தார்களே ஒழிய வாக்காளரைத் தள்ளிவைக்கவில்லை என்பது அவர் வாதம். எதிர்த்தரப்பில் இதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. பேச்சை உத்திரமேரூருக்குக் கொண்டுபோனார்கள்.

தமிழில் தேர்தல் விவாதம் என்றால், சோழர் காலக் குடவோலைத் தேர்தலின் விதிகளைக் கல்வெட்டில் வைத்திருக்கும் உத்திரமேரூர் வராமல் இருக்காது. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு என்று அந்தக் காலத்திலேயே தகுதி வைத்தார்களே என்று ஒருவர் கேட்டார். அவை ஓட்டுப் போடுவதற்கான தகுதிகள் அல்ல. குடவோலையில் பெயர் எழுதப்படுவதற்கான, அதாவது ஊர்ச்சபையின் நிர்வாகக் குழுவான வாரியத்தில் உட்காருவதற்கான தகுதிகள். முந்தைய மூன்றாண்டுகளில் பதவியில் இருந்தவரும், கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் அதில் விலக்கப்பட்டார்கள். இன்னொன்று: முதலாம் பராந்தகன் காலத்து அந்தக் கல்வெட்டுகள் இரண்டு. 919இல் 30 முதல் 60 வயது என்று இருந்தது, 921இல் 35 முதல் 70 என்று மாறிவிட்டது. இரண்டே வருடத்தில் திருத்தம். இதை மாயவரத்து அக்கா ஒருவர் எடுத்துச் சொன்னது பிற்பாடு தீர்வுக்கு வழிவிட்டது.

அந்த அக்கா வேறொரு விஷயமும் சொன்னார். அவர் எல்லா மசோதாவையும் படிக்கிறவர். ஆனால் ஒரு வரி எழுதினால் அதைத் திருத்தப் பத்துப் பேர் வருகிறார்கள், அதனால் எழுதுவதில்லை, ஓட்டுப் போடுவதோடு சரி. படிக்கிறவரைப் பதிவுக் கணக்கு காட்டாது.

அக்கணக்கு எதைக் காட்டும் என்பதும் சீக்கிரமே தெரிந்தது. மசோதா வந்த மறுநாளிலிருந்து குழுவில் காலை வணக்கம் பெருகியது. பூப்படம், முருகர் படம், "சாப்டாச்சா", "ஆச்சு". இருபதைத் தொட ஒரு மணி நேரம் போதும். பத்து நாள் வயலில் கிடந்தவருக்கு ஓட்டு இல்லை, முருகர் படம் போட்டவருக்கு உண்டு.

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்க்கும் மன்னார்குடிக்காரர் ஒருவர் இதே வாதம் அரசியல் சட்டத்துக்குள்ளேயே நுழைந்த கதையைச் சொன்னார். 2011இன் 97ஆவது திருத்தம், கூட்டுறவுச் சங்க உறுப்பினர்கள் குறைந்தபட்சம் இத்தனை கூட்டத்துக்கு வர வேண்டும், இவ்வளவாவது சேவையைப் பயன்படுத்த வேண்டும் என்று மாநிலங்கள் சட்டம் போடலாம் என்றது. மாநிலங்களின் ஒப்புதல் பெறவில்லை என்ற காரணத்தால், மாநிலச் சங்கங்களைப் பொறுத்தவரை அந்தப் பகுதி செல்லாது என்று 2021இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக, வருகை நிபந்தனை சரியா தவறா என்று அங்கே தீர்ப்பாகவில்லை. யார் சம்மதத்தோடு விதி வந்தது என்ற கேள்வியிலேயே அது விழுந்தது. இந்த வித்தியாசத்தை விவாதத்தில் பலர் கவனிக்காமல் "கோர்ட்டே ரத்து பண்ணிடுச்சு" என்று கடந்துபோனார்கள்.

கீழத் தஞ்சைப் பக்கத்துத் தோழர் ஒருவருக்கு மட்டும் கோபம் வேறு இடத்திலிருந்து வந்தது. 1919, 1935 இந்திய அரசுச் சட்டங்களின்கீழ் சென்னை மாகாணத்தில் ஓட்டுக்குச் சொத்து, வரி, படிப்பு என்று ஏதோ ஒன்று வேண்டியிருந்தது. பெண்களுக்கு ஓட்டு என்று 1921இல் மாகாண சட்டமன்றம் தீர்மானித்தபோதும் சொத்துத் தகுதி போகவில்லை. மிராசுதாருக்கு ஓட்டு, அவர் நிலத்தில் நாற்று நட்ட பண்ணையாளுக்கு இல்லை. "உழைச்சவனுக்குத்தான் ஓட்டுன்னு நீங்க சொல்றப்ப, எது உழைப்புன்னு நீங்களே முடிவு பண்றீங்க தோழர்" என்று எழுதினார். கும்பகோணத்துக்காரர் புண்பட்டார். தன்னை மிராசுதார் என்று சொல்லிவிட்டதாக எடுத்துக்கொண்டார். அங்கிருந்து பேச்சு தடித்தது.

எண்ணிவிட்டு வைத்த வரம்பு

இதெல்லாம் கொள்கைச் சண்டை. நிலைமையைத் திருப்பியது ஒரு சின்னத் தகவல்.

குழுவில் பதிவுகளை எண்ணித் தரும் பாட் (தானியங்கி நிரல்) ஒன்று இருக்கிறது. நிர்வாகிகள்தான் அதை இயக்க முடியும். அதன் பதிவேட்டைப் பார்த்த ஒருவர், மசோதா தாக்கலாவதற்கு இரண்டு நாள் முன்பே ஆளுங்கட்சியைச் சேர்ந்த நிர்வாகி உறுப்பினர்வாரியாக எண்ணிப் பார்த்திருக்கிறார் என்பதைக் கண்டுபிடித்தார். வரம்பு பத்து என்றால் விலகுபவர்கள் எல்லாத் தொகுதியிலும் கலந்திருந்தார்கள். இருபது என்றால் விலகுபவர்களில் பெரும்பாலோர் கோரையாறும் அக்கரையும். இரண்டும் எதிர்க்கட்சிக்குச் சாய்ந்த தொகுதிகள்.

நிர்வாகி தரப்பு விளக்கம்: எண்ணிக்கை தெரியாமல் வரம்பு வைக்க முடியுமா, அதனால் பார்த்தேன். இதை முழுப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். எந்த வரம்பும் ஏதாவது ஒரு கணக்கைப் பார்த்துத்தான் வைக்கப்படும். ஆனால் தேர்தல் தேதியை அறிவித்த பிறகு, யார் யார் விழுவார்கள் என்ற பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு எழுதிய விதிக்கு நல்ல நோக்கம் இருந்தாலும் அதை நிரூபிக்க வழியில்லை. தண்ணீர் எப்போது திறக்கும் என்பது தலைமடைக்காரனுக்கு முதலில் தெரிவதைப் போல, எண்ணிக்கை ஒரு தரப்புக்கு மட்டும் முன்னால் தெரிந்திருந்தது. கோரையாற்றுக்காரர்கள் கொதித்தது ஆச்சரியமில்லை. கடைமடையில் இருந்து பழகியவர்கள்.

விஷயம் மூன்று பேர் கொண்ட நடுவர் குழுவுக்குப் போனது. 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 23ஆவது பிரிவில், வேட்புமனுவுக்கான கடைசி நாள் தாண்டினால் தேர்தல் முடியும்வரை அந்தத் தொகுதிப் பட்டியலில் சேர்க்கவோ நீக்கவோ திருத்தவோ கூடாது என்று இருக்கிறது. நடுவர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். இந்த மன்றத்தில் மனுத் தாக்கல் தேதி என்று தனியாக ஒன்று கிடையாது என்பதால், தேர்தல் தேதி அறிவித்த நாளில் இருந்த உறுப்பினர் பட்டியலே இறுதி என்றார்கள். மசோதா நிறைவேறினாலும் அடுத்த தேர்தலுக்குத்தான்.

தீர்ப்பு யாருக்கும் இனிக்கவில்லை. விடுதிக் கணக்குகள் முன்பே சேர்ந்தவை என்பதால் அவற்றுக்கு ஓட்டு நின்றது. கும்பகோணத்துக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். அறிவிப்புக்குப் பிறகு ஆளுங்கட்சி சேர்த்துக்கொண்டு வந்த புது ஆட்களுக்கும் எதிர்க்கட்சி அவசரமாக அழைத்துவந்த துபாய் நண்பர்களுக்கும் ஓட்டு இல்லை. இரு தரப்பும் சமமாக எரிச்சலடைந்தன. தேர்தல் நடந்தது, ஆட்சி கைமாறியது. குழுவை விட்டுப் போன இருவரில் ஒருவர் ஜெயித்த கட்சிக்காரர் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

ஒரு போன், இரண்டு பேர்

கருவிக்கு ஒரு ஓட்டு என்ற நிபந்தனை பேச்சளவில் நியாயமாகத் தெரியும். நடைமுறையில் அது நிற்காது. முதலில் ஐபி முகவரியை, அதாவது இணைய இணைப்பின் அடையாள எண்ணை, பார்த்துவிடலாம் என்றார்கள். டிஸ்கார்டில் குழு நடத்துபவருக்கு உறுப்பினரின் ஐபி தெரியாது; ஓட்டுக்குப் பயன்படுத்திய கூகுள் ஃபார்மும் அதைக் காட்டாது. சரி, தனியாக ஓர் இணையதளம் போட்டுப் பார்த்தாலும், மொபைல் நெட்வொர்க்கில் ஒரே பொது ஐபியை ஏராளமான வாடிக்கையாளர்கள் பகிர்ந்துகொள்கிறார்கள். விடுதி வைஃபையில் மொத்தக் கட்டடத்துக்கும் ஒன்றுதான். அதாவது நேர்மையான அண்டை வீட்டுக்காரர்கள் மாட்டுவார்கள், இரண்டு சிம் வைத்திருக்கும் கில்லாடி தப்பிப்பான்.

அரசலாறு தொகுதியில் ஒரு வீட்டில் அக்காவும் தம்பியும் ஒரே போனில் இரண்டு கணக்கு வைத்திருந்தார்கள். இருவருக்கும் வேறு வேறு கட்சி. இந்த விதிப்படி யாராவது ஒருவருக்குத்தான் ஓட்டு, அது யார் என்பதை வீட்டில் முடிவு செய்துகொள்ள வேண்டும். வீட்டில் அந்த முடிவு எப்படி வரும் என்று எல்லாருக்கும் தெரியும்.

ஆதார், வாக்காளர் அட்டை நகல் கேட்கலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. விளையாட்டுக்காக அடையாள அட்டைகளை ஒரு நிர்வாகியின் போனில் சேர்த்துவைப்பதா என்று நல்லவேளை உடனே கைவிட்டார்கள். 18 வயது நிபந்தனையும் இதே இடத்தில்தான் அடிபட்டது. நிஜத் தேர்தலில் 61ஆவது திருத்தம் 1989இல் அமலுக்கு வந்து 21ஐ 18 ஆக்கியது, நாமும் அதையே வைப்போம் என்றார்கள். அட்டை கேட்காமல் வயதைச் சரிபார்க்க முடியாது. சரிபார்க்க முடியாத நிபந்தனை, உண்மையைச் சொல்லும் பிளஸ் டூ பிள்ளையை மட்டும்தான் வெளியே நிறுத்தும். வயது விதி வேண்டாம் என்று விட்டார்கள்.

நேஷன்ஸ்டேட்ஸ் என்ற பழைய இணைய ஆட்டத்தில், 2002 முதல் நடப்பது, ஒருவர் எத்தனை நாடு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் உலக மன்றத்தில் ஒன்றுக்கு மட்டுமே இடம். கணக்குகளைத் தடுப்பதை விட்டுவிட்டு ஓட்டுள்ள கணக்கை ஒன்றாக்கும் அந்த ஏற்பாட்டைத்தான் புது விதியில் எடுத்துக்கொண்டோம். ஒருவர் தன் எல்லாக் கணக்கையும் தேர்தல் அலுவலரிடம் சொல்லிவிட வேண்டும், ஓட்டு எது என்று குறித்துக்கொடுக்க வேண்டும். போனைப் பகிர்பவர்கள் அதை முன்கூட்டியே சொன்னால் போதும். அவர்களை நேரில் அறிந்த இரண்டு உறுப்பினர்கள் சாட்சி சொல்வார்கள். இதிலும் ஏமாற்றலாம். ஆனால் ஏமாற்றுபவர் குறைந்தது இரண்டு பேரைக் கூட்டுச் சேர்க்க வேண்டும்; டெல்டாவில் அப்படிப்பட்ட ரகசியம் ரொம்ப நாள் தங்காது.

புது விதி

தேர்தல் எதுவும் அருகில் இல்லாத ஆடி மாதத்தில், மேட்டூர் தண்ணீர் வயலுக்கு வந்து ஆட்களும் கொஞ்சம் நிதானமாக இருந்தபோது, வரைவை எடுத்தோம்.

மாயவரத்து அக்கா காட்டிய பிரிவினைதான் அதன் அடிப்படை: உத்திரமேரூரில் நிபந்தனை எல்லாம் பதவிக்குத்தானே. மாணவர் பேரவைத் தேர்தலுக்காக 2006இல் வந்த லிங்டோ குழுப் பரிந்துரையும் 75 சதவீத வருகையை வேட்பாளரிடம்தான் கேட்கிறது. எனவே ஓட்டுப் போடப் பதிவுக் கணக்கு தேவையில்லை. தேர்தலில் நிற்கவும் அமைச்சராகவும் வேண்டும். பொறுப்பை ஏற்றுப் பாதியில் காணாமல் போனவர் அடுத்த தேர்தலில் நிற்க முடியாது. கும்பகோணத்துக்காரரின் ஆதங்கத்துக்கு இதில்தான் இடம் கிடைத்தது. இந்தப் பிரிவை எழுதியவரும் அவர்தான்.

பட்டியல் தேர்தலுக்காகத் திறந்து மூடப்படாது. இந்தியச் சட்டத்தில் 2021 திருத்தத்துக்குப் பிறகு ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் ஒன்றாம் தேதிகள் தகுதி நாள்கள். மன்றத்திலும் அதே நான்கு. அந்தத் தேதியில் உறுப்பினராக இருப்பவர் அடுத்து வரும் தேர்தலில் வாக்காளர். தேர்தல் முந்தைய இரவு எத்தனை பேர் வந்தாலும் வரவேற்கலாம், பயப்பட வேண்டியதில்லை. விடுதிப் பையன்கள் பிரச்சினைக்கு இது ஒன்றே போதும் என்பது என் கருத்து. இருபது பதிவு நிபந்தனை அவர்களைத் தடுத்திருக்கவே தடுத்திருக்காது, ஒரு ராத்திரியில் இருபது "ஹாய்" போட்டிருப்பார்கள்.

நீக்கம் பற்றித்தான் வரைவில் நிறைய நேரம் போனது. நிஜச் சட்டத்தின் 22ஆவது பிரிவு, நீக்குவதற்கு முன் சம்பந்தப்பட்டவர் தன் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தரச் சொல்கிறது. அதைப் பார்த்து எழுதிய எங்கள் விதியில், தொடர்ந்து இரண்டு தேர்தலில் ஓட்டுப் போடாதவர் பெயர் தனிப் பட்டியலுக்குப் போகும். அதற்கு முன் அவருக்குத் தனிச்செய்தியும் இரண்டு வாரக் கெடுவும் உண்டு. "இருக்கேன்" என்று ஒரு வரி எழுதினால் பெயர் திரும்பிவிடும். புயல், வெள்ளக் காலத்தில் கெடு ஓடாது. பதிவை எண்ணும் பாட் தரும் முடிவு இனி எல்லாருக்கும் தெரியும் இடத்தில்தான் வரும். வாக்குரிமையைத் தொடும் எந்தத் திருத்தமும் ஒரு முழுத் தேர்தல் முடிந்த பிறகே அமலுக்கு வரும். இந்தக் கடைசிப் பிரிவை ஆளுங்கட்சியாகிவிட்ட பழைய எதிர்க்கட்சியும் முணுமுணுத்துக்கொண்டேதான் ஏற்றது.

இப்போது ஒரு மனு நிலுவையில் இருக்கிறது. கொள்ளிடம் தொகுதி வாக்காளர் ஒருவர் வேலை கிடைத்துச் சிங்கப்பூர் போயிருக்கிறார். அவரை அக்கரைக்கு மாற்ற வேண்டும் என்கிறார் அக்கரை உறுப்பினர்; தான் கொள்ளிடத்திலேயே இருப்பேன் என்கிறார் இவர். தேர்தல் அலுவலர் என்னிடம் கேட்டார். அதே 1950 சட்டத்தின் 20ஆவது பிரிவு, தற்காலிகமாக வெளியே போனதாலேயே ஒருவர் அந்த ஊரில் வசிப்பவர் இல்லை என்று ஆகிவிடாது என்கிறது. வெளிநாடு வாழ் இந்தியருக்காக 2010இல் சேர்க்கப்பட்ட 20ஏ பிரிவும் பாஸ்போர்ட்டில் உள்ள ஊரிலேயே பெயர் சேர்க்கச் சொல்கிறது. ஆகவே அவரே எழுதிக் கேட்கும்வரை கொள்ளிடத்திலேயே விடுங்கள் என்றேன். அப்படியானால் தன் தொகுதியில் பாதிப் பேர் சொந்த ஊருக்கே திரும்பிவிடுவார்கள் என்று அக்கரை உறுப்பினர் நடுவர் குழுவுக்குப் போயிருக்கிறார். காரைக்கால்காரர் அவர் பக்கம்.